தர்மக் காசில் நர்ஸுக்கு வகுப்பா?

ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கொடுக்கும் நல்ல மனிதர்களிடம் ஒரு கருத்து அசையாமல் இருக்கிறது. கொடுக்கிற பணம் நோயாளியின் உடம்பில் நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பார்கள். கட்டில் வாங்கலாம், டயாலிசிஸ் இயந்திரம் வாங்கலாம், ஆம்புலன்ஸ் வாங்கலாம், இல்லாதவருக்கு மருந்து வாங்கலாம். ஆனால் நர்ஸுக்கும் டெக்னீஷியனுக்கும் வகுப்பு நடத்தப் பணம் கேட்டால் முகம் மாறிவிடும். ‘அது நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை. படித்துவிட்டுத்தானே வேலைக்கு வருகிறார்கள்? மேலும் சொல்லிக்கொடுத்தால் துபாய்க்கும் லண்டனுக்கும் கிளம்பிவிடுவார்கள். தர்மக் காசில் நர்ஸுக்கு வகுப்பா?’ சென்னையின் தென்புறத்தில் பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், தாம்பரம் பக்கத்துக் குடியிருப்போர் சங்கங்களிலும், சேவை மன்றக் கூட்டங்களிலும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் அதிகாரிகளிடமும் இதே பேச்சைக் கேட்கிறேன்.

இந்தப் பேச்சு தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன். எந்த ஏழையைக் காப்பாற்ற இப்படிக் கறாராக இருக்கிறோம் என்கிறார்களோ, அந்த ஏழைக்குத்தான் இதனால் முதல் கேடு.

பீர்க்கன்கரணையின் ஊடாக ஜி.எஸ்.டி. சாலை போகிறது. வண்டலூரில் வெளிவட்டச் சாலை வந்து சேர்கிறது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு இரவும் பகலும் போக்குவரத்து ஓய்வதில்லை. இந்தச் சாலையில் நள்ளிரவில் இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு நினைவிழந்தவர் ஒருவரை, பக்கத்துச் சிறிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிவருகிறார்கள் என்று வையுங்கள். அந்த நேரத்தில் அவரை முதலில் தொடப்போகிறவர் பெரும்பாலும் நைட் டியூட்டி சிஸ்டர்தான். நினைவில்லாதவர் மல்லாந்து கிடந்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும். தலையைப் பின்னால் சாய்த்தால் பாதை திறக்கும். ஆனால் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அதே அசைவு தண்டுவடத்தைக் கெடுத்து ஆயுளுக்கும் படுக்கையில் தள்ளிவிடலாம். கழுத்தை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னுக்குத் தள்ளி மூச்சுப் பாதையைத் திறக்க ஒரு முறை இருக்கிறது. அதற்கு வேண்டியவை இரண்டு கைகளும், அந்தக் கைகளுக்குப் பழக்கமும். பழக்கம் புத்தகத்திலிருந்து வராது. பொம்மையின் மீது பத்து முறை செய்து பார்த்து, தவறைத் திருத்த ஒருவர் பக்கத்தில் நின்றால்தான் வரும்.

தமிழக அரசு விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற அந்தத் திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று, இதே சாலையில் தெற்கே உள்ள மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. அருமையான திட்டம். ஆனால் பணத்துக்குப் பொறுப்பேற்க ஆள் இருப்பது வேறு, முதல் ஐந்து நிமிடத்துக்குப் பொறுப்பேற்கத் தெரிந்த ஆள் இருப்பது வேறு. இரண்டாவதற்கு நன்கொடையாளர் யாரும் பெயர் கொடுப்பதில்லை.

நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் சி.பி.ஆர். பயிற்சி இன்னும் நல்ல உதாரணம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொரு அழுத்தமும் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம், ஒவ்வொன்றுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலெழும்ப இடம். கற்ற சில மாதங்களிலேயே இந்தத் திறமை தேய ஆரம்பிக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ‘படித்துவிட்டுத்தானே வருகிறார்கள்’ என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப்போகிறது. நர்ஸிங் பட்டயம் வாங்கிய நாளில் தெரிந்திருந்த வேலையை நான்கு ஆண்டு கழித்து ஒரு நள்ளிரவில் கை தானாகச் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. சி.பி.ஆர். சான்றிதழ் வகுப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். சிறிய நர்ஸிங் ஹோம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண்ணின் சம்பளத்தில் அது பெரிய தொகை. அவள் வீட்டு வாடகையைக் கட்டுவாளா, நம் உயிருக்கான வகுப்புக்குக் கட்டுவாளா?

இயந்திரத்தின் பக்கம் வருவோம். நன்கொடையாளர் மனம் அங்கேதான் குளிர்கிறது. இயந்திரம் கண்ணுக்குத் தெரிகிறது, அதன்மேல் ‘உபயம்’ என்று பெயர் எழுதலாம், திறப்பு விழா நடத்தலாம். 2011-இல் பெர்ரி, மால்கின் என்ற இரு ஆய்வாளர்கள், வசதி குறைந்த 16 நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 38 சதவீதம் இயங்காமல் கிடந்தன. அவர்கள் சுட்டிய காரணங்களில் முக்கியமானது, பயிற்சி பெற்ற ஆட்கள் இல்லாதது. நம் நாட்டிலேயே கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, பி.எம். கேர்ஸ் நிதியில் வந்த வென்டிலேட்டர்கள் பல மாநிலங்களில் இயக்க ஆளின்றி மூலையில் கிடந்த செய்திகளை நாம் மறந்திருக்க முடியாது. சில பழுதாகவே வந்தன. பல, இயக்கத் தெரிந்தவர் இல்லாததால் பெட்டியில் இருந்தன. பிறகு அதே நிதியில் ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் வந்தபோது, அவற்றை இயக்கவும் பராமரிக்கவும் நாடெங்கும் சுமார் 8,000 பேருக்குப் பயிற்சி கொடுக்கப்போவதாக 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்தது. இயந்திரத்தோடு ஆளையும் தயார்செய்ய வேண்டும் என்ற பாடத்தை அரசே படித்துக்கொண்டது. நம் நன்கொடைக் குழுக்கள் இன்னும் படிக்கவில்லை.

டயாலிசிஸ் இயந்திரம் இப்போது எல்லோருக்கும் பிடித்த நன்கொடை. சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் அதோடு பிணைந்திருக்க வேண்டும். அந்த நான்கு மணி நேரத்தில் அவர் உயிர் டெக்னீஷியன் கையில். கையில் ரத்தக் குழாய்களை இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலாவில் ஊசியைச் சரியான இடத்தில் இறக்க வேண்டும். ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்தால் உடனே கவனிக்க வேண்டும். ஹெபாரின் அளவு தவறினால் ரத்தம் உறையும், அல்லது நிற்காமல் ஒழுகும். சுத்திகரித்த நீரில் குறை இருந்தால் அது நேராக ரத்தத்தைத் தொடும். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கையுறை மாற்றுவதிலும் இடத்தைத் துடைப்பதிலும் அசட்டை வந்தால் ஹெபடைடிஸ் ‘சி’ ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும். டயாலிசிஸ் மையங்களில் அது பரவிய வரலாறு உலகம் முழுக்க உண்டு. இயந்திரத்தைக் கொடுத்துவிட்டு இந்தக் கைகளுக்குக் காசில்லை என்று சொல்வது, ஏழைக்கு உதவி செய்தோம் என்று நினைத்துக்கொண்டு அவரை ஆபத்தில் உட்கார வைப்பதாகும்.

பிரசவ அறைக்கு வந்தால் வாதமே தேவையில்லை, எண்கள் பேசுகின்றன. பிறந்ததும் மூச்சு எடுக்காத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடம்தான் அவகாசம். துடைத்து, தட்டிவிட்டு, அப்போதும் மூச்சு வராவிட்டால் பையும் முகமூடியும் வைத்துக் காற்று ஊத வேண்டும். தான்சானியாவின் எட்டு மருத்துவமனைகளில் பிரசவம் பார்க்கும் ஊழியர்களுக்கு இந்த ஒரு வேலையை மட்டும் எளிய பொம்மைகளை வைத்துப் பழக்கினார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் இறப்பு 47 சதவீதம் குறைந்தது என்று 2013-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. புதுக் கட்டடம் எழும்பவில்லை, இன்குபேட்டர் வரிசை வரவில்லை. இந்திய அரசும் 2009-இல் இதே நோக்கத்தோடு இரண்டு நாள் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒரு குழந்தைப் பிரிவுக்கு இயந்திரம் வாங்கும் செலவில் எத்தனை பிரசவ அறைகளின் ஊழியர்களை இப்படிப் பழக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்த நன்கொடைக் குழு எதையும் நான் பார்த்ததில்லை.

காகிதத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பயிற்சியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியல் தயாரித்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில், குழுவினருக்கு அதைச் சொல்லிக்கொடுத்துப் பயன்படுத்தியபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது. 2009-இல் வந்த முடிவு அது. பிறகு கனடாவின் ஆன்டாரியோ மாகாணம் அதே மாதிரிப் பட்டியலைப் பயன்படுத்தச் சொல்லி மருத்துவமனைகளை வலியுறுத்தியது. 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான கட்டுரை, குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை என்றது. பட்டியல் போய்ச் சேர்ந்ததே தவிர அதைக் குழுவாக நின்று பயன்படுத்தும் பழக்கம் ஊன்றவில்லை என்று துறையைச் சேர்ந்தவர்கள் அப்போது சுட்டிக்காட்டினார்கள்.

இந்த வாதத்துக்கெல்லாம் வெளிநாடு போக வேண்டியதும் இல்லை. தாம்பரத்துக்காரர்கள் தினமும் பெயர் சொல்லி இறங்கும் ரயில் நிலையம் ஒன்று இருக்கிறது, சானடோரியம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து அங்கே 12 படுக்கைகளோடு காசநோய் விடுதியைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அன்று காசநோய்க்கு மருத்துவம் என்றால் படுக்கையும் நல்ல காற்றும் சாப்பாடும்தான். அன்று தர்மம் செய்ய நினைத்தவர் கட்டில் கொடுத்தால் அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் 1956-இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து ஒரு கேள்வியைச் சோதித்தன. ஏழை நோயாளியை விடுதியில் வைத்துப் பார்ப்பதும், அவருடைய நெருக்கடியான வீட்டிலேயே மருந்து கொடுத்துப் பார்ப்பதும் ஒன்றாகுமா? 1959-இல் விடை வந்தது. வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ விடுதிக்கு நிகராக இருந்தது, குடும்பத்தாருக்குத் தொற்றும் அதனால் கூடவில்லை. காசநோய் விடுதிகளை உலகம் கைவிட அந்த முடிவு ஒரு பெரிய காரணமாயிற்று.

அந்தச் சாதனையில் மாத்திரைக்குப் பங்கு உண்டு. அதே அளவு பங்கு, சென்னைக் குடிசைகளின் வாசலில் முன்னறிவிப்பின்றிப் போய் நின்று, மாத்திரையை எண்ணி, சிறுநீரைச் சோதித்து, நோயாளி மருந்து எடுக்கிறாரா என்று உறுதிப்படுத்திய பயிற்சி பெற்ற ஊழியர்களுக்கும் உண்டு. தாம்பரத்தின் கட்டில்களால் முடியாததை நன்கு பழகிய கால்கள் செய்தன. இந்தச் சரித்திரத்தின் நிழலில் வாழ்ந்துகொண்டு ‘கட்டிலுக்குத்தான் கொடுப்பேன்’ என்று சொல்வது எனக்கு வேதனையாக இருக்கிறது.

தாம்பரத்தின் அந்தச் சானடோரியம் வளாகம் இன்னொரு முறையும் பாடம் சொன்னது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். தொண்ணூறுகளில் பல மருத்துவமனைகள் அந்த நோயாளிகளைத் தொடவும் அஞ்சித் திருப்பி அனுப்பியபோது, தாம்பரம் அவர்களுக்குக் கதவைத் திறந்தது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கிய முதல் எட்டு அரசு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அந்தக் காலத்தில், அமெரிக்க உதவி நிதியோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐ-டெக் அமைப்பு அங்கே ஒரு பயிற்சி மையத்தை உருவாக்கத் துணைநின்றது. டாக்டர்களும் நர்ஸ்களும் ஆலோசகர்களும் அங்கே வந்து கற்றார்கள். மருந்தின் அளவையும் பக்க விளைவையும் கற்றதோடு, எச்.ஐ.வி. உள்ளவரைப் பயமின்றித் தொடவும் பேசவும் கற்றார்கள். திருப்பி அனுப்பப்பட்ட ஒரு நோயாளிக்கு அதைவிடப் பெரிய நன்கொடை எதைக் கொடுத்திருக்க முடியும்?

இப்போது, எல்லோரும் கடைசி ஆயுதமாக எடுக்கும் வாதம்: பயிற்சி கொடுத்தால் பறந்துவிடுவார்கள்.

பறக்கிறார்கள்தான். ஏன் பறக்கிறார்கள் என்று கேட்பதில்லை. கடன் வாங்கி, நகையை அடகு வைத்துத் தனியார் கல்லூரியில் நர்ஸிங் முடித்த பெண்ணுக்கு, இங்கே கிடைக்கும் சம்பளத்தில் வட்டியைக்கூட அடைக்க முடியாது. அவளை விமானம் ஏற்றுவது கடன்தான். நாம் கொடுக்காத பயிற்சிக்காக அவள்மேல் பழி போடுகிறோம். படிக்க வைத்தவர்களோடு நிற்கும் பெண்களைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரைக்குப் போக வேண்டும். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளி முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டு கற்பித்து, பார்வை சோதிப்பதிலிருந்து அறுவை அரங்கில் உதவுவதுவரை அத்தனையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். டாக்டர் அறுவை சிகிச்சையை மட்டும் கவனித்தால் போதும் என்ற நிலை வந்தது. பணம் கட்ட முடியாத லட்சக்கணக்கானோர் பார்வை பெற்றது அந்தப் பெண்களின் கைகளால்தான். 1992-இல் லயன்ஸ் சங்கங்களின் உலக அமைப்பும் சேவா அறக்கட்டளையும் உதவ, மற்ற மருத்துவமனைகளின் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்கவென்றே ‘லைகோ’ என்ற நிறுவனம் அங்கே எழுந்தது. நம் ஊர் லயன்ஸ் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊழியர் பயிற்சிக்கு நன்கொடை என்பது அவர்கள் அமைப்புக்குப் புதிதல்ல.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் அப்படித்தான் வளர்ந்தது. டாக்டர் ஐடா ஸ்கட்டர் அதை 1900-இல் ஒரே படுக்கையோடு தொடங்கினார். 1909-இலேயே நர்ஸ்களுக்குப் பள்ளி, 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. தான் ஒருத்தி எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும் என்று அவர் யோசித்தார். அமெரிக்கப் பெண்கள் சங்கங்களிடம் போய், நோயாளிக்காக மட்டுமல்ல, கற்பிப்பதற்காகவும் கையேந்தினார். இன்றும் அங்கே ஆதரவு பெற்றுப் படிக்கும் மாணவர் படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் மிஷன் மருத்துவமனைகளில் பணியாற்றக் கடமைப்பட்டவர். போய்விடுவார் என்ற பயத்துக்கு விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. பயிற்சியை மறுப்பதில் இல்லை. அப்படியும் சிலர் போகட்டும். வாங்கிக் கொடுத்த இயந்திரம் பத்து ஆண்டில் தேய்ந்து பழைய இரும்புக்குப் போகிறது, அதைத் துரோகம் என்று யாரும் சொல்வதில்லை. மூன்று ஆண்டு நம் ஊரில் இருந்து, தன் பின்னால் வந்த இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகும் நர்ஸை மட்டும் நஷ்டக் கணக்கில் எழுதுகிறோம்.

‘நிர்வாகத்தின் கடமைக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்’ என்பதில் பாதி நியாயம் உண்டு. லாபத்துக்கு நடக்கும் பெரிய தனியார் மருத்துவமனை தன் ஊழியரைத் தன் செலவில் பழக்கட்டும், அதற்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அரசு மருத்துவமனையும் அறக்கட்டளை மருத்துவமனையும் வேறு. அங்கே சட்டப்படி நடக்க வேண்டிய பயிற்சியை அரசிடம் கேட்டு வாங்குவோம், அதற்கு மேல் வேண்டியதை நாம் கொடுப்போம். பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளை ஒட்டி இயங்கும் அறநிதிகள் இந்த வரையறையோடுதான் நடக்கின்றன. 2020-இல் கேப்டன் டாம் மூர் என்ற தொண்ணூற்றொன்பது வயது முதியவர் தன் தோட்டத்தில் நடந்து நடந்து திரட்டிக் கொடுத்த மூன்று கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட பணம் அத்தகைய அறநிதிகளுக்குத்தான் போனது. மருத்துவமனை ஊழியரின் நலனுக்கும் அதிலிருந்து செலவிட்டார்கள். கொடுத்த மக்கள் அதைத் தங்கள் தர்மத்துக்கு இழுக்கு என்று நினைக்கவில்லை.

நாம் விலகி நின்றால் அந்த இடம் காலியாக இருக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும். டாக்டர்கள் ஐந்து ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்று 2002-இன் நடத்தை விதிகள் சொல்கின்றன. அந்தக் கூட்டங்களுக்குக் காசு கொடுக்க மருந்துக் கம்பெனிகள் எப்போதும் தயார். பரிசையும் பயணச் செலவையும் டாக்டர்கள் வாங்கக்கூடாது என்று 2009-இல் விதி திருத்த வேண்டிய அளவுக்கு அது வளர்ந்தது. மருந்து விற்பவர் சொல்லிக்கொடுத்தால் மருந்து எழுதத்தான் சொல்லிக்கொடுப்பார். நர்ஸுக்கோ அந்தக் காசும் இல்லை, ஏனென்றால் அவள் மருந்துச்சீட்டு எழுதுவதில்லை.

பயிற்சியில் உண்மையில் எதற்குச் செலவாகிறது என்று தெரியாததும் இந்த எதிர்ப்புக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஹோட்டல் அரங்கு, விருந்து, பை, பேனா என்று கற்பனை செய்கிறார்கள். அப்படிப்பட்ட பயிற்சிக்கு நானும் கொடுக்கமாட்டேன். வகுப்பு எடுப்பவரின் ஊதியமும் பொம்மையின் விலையும் சமாளிக்கக்கூடியவை. தடங்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சிஸ்டர் வகுப்புக்குப் போனால் வார்டை யார் பார்ப்பது? மாற்று ஆள் போட நிர்வாகத்திடம் காசில்லை. அதனால் நைட் டியூட்டி முடித்துத் தூக்கம் சொக்கும் கண்களோடு காலை வகுப்பில் உட்காருகிறாள், அல்லது வார விடுமுறையை இழக்கிறாள், அல்லது வராமலே வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்கப்படுகிறது. அந்த ஒரு நாளுக்கு மாற்று நர்ஸின் கூலியை ஒரு நன்கொடையாளர் கொடுத்தால் பயிற்சி உண்மையாகவே நடக்கும். தாம்பரம் பகுதியில் பத்து சிறிய மருத்துவமனைகள் சேர்ந்து, அனுபவமுள்ள ஒரு நர்ஸை முழுநேரப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ளலாம். அவர் வாரம் ஒரு இடத்துக்குப் போய், வார்டிலேயே, டியூட்டி நேரத்திலேயே அரை மணி அரை மணியாகப் பழக்கலாம். அவருடைய ஓராண்டுச் சம்பளம் ஒரு டயாலிசிஸ் இயந்திரத்தின் விலையைத் தாண்டாது.

சட்டம் இடம் கொடுக்காது என்று சில கம்பெனிக்காரர்கள் சொல்வதும் சரியல்ல. 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் செலவிட வேண்டியவர்களுக்கு, ஏழாவது அட்டவணையில் மருத்துவ நலமும் இருக்கிறது, வேலைத்திறன் வளர்க்கும் கல்வியும் இருக்கிறது. தடை இருப்பது தங்கள் கம்பெனி ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவுக்குத்தான். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் அடக்கச் சொல்லும் விதிகள்கூட மருத்துவமனை டாக்டரின் சம்பளத்தை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்குக் காட்ட முடியாதே என்பவர்கள் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். இந்த மாதம் எத்தனை பேர் பொம்மையில் சரியான ஆழத்துக்கு அழுத்தினார்கள், மூன்று மாதம் கழித்து அதே ஆட்கள் எப்படிச் செய்தார்கள், மூச்சு எடுக்காமல் பிறந்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு முதல் நிமிடத்தில் காற்று ஊதப்பட்டது, டயாலிசிஸ் பிரிவில் புதிதாக ஹெபடைடிஸ் ‘சி’ வந்தவர் எத்தனை பேர், பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் ஓராண்டு கழித்தும் அதே வார்டில் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த ஐந்து எண்களை எழுதித் தரச் சம்மதிக்கும் மருத்துவமனைக்கு அடுத்த காசோலையைக் கொடுங்கள். பெயர்ப் பலகை வேண்டுமென்றால் பயிற்சி அறையின் கதவிலும் அதை மாட்டலாம்.